கூஜா எங்கே?

ஆலங்காயத்தில் நண்பர் ஒருவர் வீட்டுத் திண்ணையில் மழை விடட்டும் என்று உட்கார்ந்திருந்தேன். ஜவ்வாது மலை மேகத்துக்குள் போய்விட்டது. நண்பர் வாணியம்பாடியில் ஒரு தோல் ஷாப்பில் முப்பது வருஷம் கணக்கு எழுதியவர். பொழுது போக வேண்டுமே என்று என் பையிலிருந்த சித்திரப் புத்தகத்தைப் புரட்டினார். ஒரு பக்கத்தில் விரல் நின்றது. பிலிப்பைன்ஸ் தேசத்து ஓவியர் விசென்டே மனன்சாலாவின் படம் அது. மேஜையும் அதன்மேல் பண்டங்களும்தான் விஷயம். ஆனால் கண்ணில் படுவதெல்லாம் கண்ணாடிச் சில்லுகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கினாற் போன்ற வர்ணக் கட்டங்கள்.

"கூஜா இருக்கிறது என்கிறீர்களே, எங்கே சார்?" என்றார் நண்பர்.

நியாயமான கேள்வி. பள்ளிக்கூடத்தில் டிராயிங் மாஸ்டர் முக்காலிமேல் ஒரு செம்பை வைத்து, "உள்ளது உள்ளபடி போடு" என்று சொல்லி வளர்த்த தலைமுறை நாங்கள். அந்தப் பாடம் வெள்ளைக்காரர் கொண்டுவந்தது. 1850-ல் சென்னையில் அலெக்ஸாண்டர் ஹண்டர் என்ற டாக்டர் ஓவியப் பள்ளி தொடங்கியபோது, நம் கைத்தொழில்களைச் சீர்படுத்த வேண்டும் என்பதே நோக்கம். நம் வீடுகளில் காலண்டர் முருகனையும் லட்சுமியையும் குடியேற்றிய கோவில்பட்டி கொண்டையராஜு அந்தப் பள்ளியில் படித்தவர்தான். மெரினாவில் பாறையைப் புரட்டும் உழைப்பாளர்களைச் சிலையாக வடித்த தேவி பிரசாத் ராய் சௌத்ரி அங்கே 1957 வரை தலைவராக இருந்தார்.

அவருக்குப் பின் வந்தவர் கே. சி. எஸ். பணிக்கர். கோயம்புத்தூரில் 1911-ல் பிறந்தவர். 1944-லேயே சில நண்பர்களுடன் முற்போக்கு ஓவியர் சங்கம் அமைத்தவர். 1954-ல் ஐரோப்பா சென்று திரும்பினார். 1963 முதல் 'சொற்களும் குறிகளும்' என்ற வரிசையைத் தீட்டலானார். ஜாதகக் கட்டம் மாதிரி கோடுகள், கணக்குக் குறிகள், மலையாள எழுத்தைப் போன்ற கிறுக்கல்கள். வாசித்தால் ஒன்றும் புரியாது. வாசிப்பதற்காக எழுதியதும் அல்ல. மேல்நாட்டான் மேஜைப் பழத்தைப் பிளந்து பார்த்தான் என்றால், இவர் நம் வீட்டுப் பரண்மேல் கிடக்கும் ஓலைக்கட்டைப் பிரித்தார் என்பது என் அபிப்பிராயம்.

மணிலாவிலும் இதே கதைதான். அமார்சோலோவின் வயல்வெளிகளிலும் கிராமத்துப் பெண்களிலும் ஜனங்கள் மனம் பறிகொடுத்திருந்த காலம். விக்டோரியோ எடாடெஸ் அமெரிக்காவில் படித்துத் திரும்பி, 1928-ல் ஒரு கண்காட்சி வைத்தார். முரட்டு உருவங்களையும் அழுக்கு வர்ணங்களையும் கண்டு ஊர் முகம் சுளித்தது. அவர் உடைத்த பாதையில்தான் மனன்சாலா பின்னால் வந்தார்.

யார் வாங்குவார்கள்? சென்னை ஓவியர்களின் நெஞ்சை அறுத்த கேள்வி இதுதான். காலண்டருக்குப் போட்டால் சோறு உண்டு. ஆனால் மனம் ஒப்பவில்லை. பணிக்கர் ஒரு வழி சொன்னார். பாத்திக் துணிகளும் கைவினைப் பொருள்களும் செய்து விற்று வயிற்றைக் கழுவுங்கள், படத்தை மட்டும் யாருக்காகவும் வளைக்காதீர்கள் என்றார். மெழுகும் சாயமும் கொண்டு துணியில் உருவெழுப்பும் அந்த ஜாவா வித்தைதான் அவர்களுக்குக் கைகொடுத்தது. கூடிச் சேர்த்த பணத்தில், 1966-ல் ஈஞ்சம்பாக்கம் கடற்கரை மணலில் சோழமண்டலம் ஓவியர் கிராமம் எழுந்தது. எல்லோருக்கும் அது கரைசேர்த்த தோணியாக இல்லை. கோட்டோவியத்தில் கனவு நகரங்களைக் கட்டிய கே. ராமானுஜம் 1973-ல் அங்கேயே தம் உயிரை மாய்த்துக்கொண்டார். இன்று அவர் படங்களை ஏலத்தில் தேடி எடுக்கிறார்கள். எனக்கு அந்தச் செய்திகளைப் படிக்கவே பிடிப்பதில்லை.

இதையெல்லாம் நான் சொல்லி முடிப்பதற்குள் மழை விட்டிருந்தது. நண்பர் என் பிரசங்கத்தைக் கேட்டாரோ என்னவோ, புத்தகத்தை வெளிச்சத்துக்குத் திருப்பிச் சாய்த்துப் பிடித்திருந்தார்.

"சுண்ணாம்புக் குழியிலிருந்து எடுத்து மயிர் களைந்த ஆட்டுத் தோல் இருக்கிறதே, அதைத் தூக்கிப் பிடித்தால் பின்னால் நிற்கிற ஆள் நிழலாட்டமாய்த் தெரிவான். இரண்டு தோல் சேர்ந்த இடம் மட்டும் கொஞ்சம் கறுத்திருக்கும். இந்த ஆளும் அப்படித்தான் ஒன்றின்மேல் ஒன்று போட்டிருக்கிறான். இதோ பாருங்கள், கறுத்த இடத்தைப் பிடித்துக்கொண்டே போனால்... கழுத்து, வயிறு, அடி. கூஜா!"

நான் அதுவரை அதை மேஜைக்கால் என்றே நினைத்திருந்தேன்.