வைட்டமின் டி: தாய்ப்பால் குழந்தைகளுக்கான சொட்டு மருந்து

தாய்ப்பால் மட்டுமே குடிக்கும் குழந்தைகளுக்குப் பிறந்த சில நாட்களிலிருந்து தினமும் புகட்டப்படும் துணை மருந்து இது. வழக்கமான அளவு நாளொன்றுக்கு 400 ஐ.யூ. (சர்வதேச அலகு), அதாவது 10 மைக்ரோகிராம். எலும்பு மென்மையாகிக் கால்கள் வளையும் ரிக்கெட்ஸ் நோயைத் தடுப்பதே முதன்மை நோக்கம். ஒரு லிட்டர் தாய்ப்பாலில் வைட்டமின் டி ஏறத்தாழ 25 முதல் 80 ஐ.யூ. வரைதான் இருக்கும். இதைத் தாய்ப்பாலின் குறையாக எண்ணுவது சரியல்ல. மனிதக் குழந்தைக்கு இந்தச் சத்தை எப்போதும் தோலும் வெயிலுமே தந்துவந்தன. கர்ப்பத்தில் தாயிடமிருந்து பெற்ற சேமிப்பும் சில வாரங்களுக்குக் கைகொடுக்கும்.

தொடக்கக் குறிப்புகள். ரிக்கெட்ஸை டேனியல் விஸ்லர் 1645-லும் பிரான்சிஸ் கிளிசன் 1650-லும் விரிவாக எழுதினர். 1822-ல் போலந்து மருத்துவர் ஸ்னியாடெட்ஸ்கி, நகரக் குழந்தைகளுக்கு வெயில் படச் செய்யுமாறு சொன்னார். யாரும் பெரிதாகச் செவிகொடுக்கவில்லை. காட் மீனின் ஈரல் எண்ணெய் வட ஐரோப்பாவில் நாட்டு வைத்தியமாகப் புழங்கியது. 1890-ல் தியோபால்ட் பாம், வெயில் குறைந்த, புகை மண்டிய நகரங்களில்தான் இந்நோய் மிகுதி என்று உலகின் பல பகுதிகளிலிருந்து தகவல் திரட்டிக் காட்டினார். அதுவும் கிடப்பில் போனது.

1917 முதல் 1926 வரை. இந்தப் பத்தாண்டுகளைப் பற்றித்தான் ஏராளமான பதிவுகள் உள்ளன. 1917-ல் ஆல்ஃபிரட் ஹெஸ்ஸும் லெஸ்டர் அங்கரும் நியூயார்க்கின் கொலம்பஸ் ஹில் பகுதியில், நெரிசலான குடியிருப்புகளில் வாழ்ந்த கறுப்பினக் குழந்தைகளுக்கு மீன் எண்ணெய் புகட்டிப் பார்த்தனர். விடாமல் குடித்தவர்களில் பெரும்பாலோருக்கு நோய் வரவில்லை. தாய்ப்பால் குடித்த குழந்தைகளுக்கும் அங்கே நோய் கண்டதால், தாய்ப்பால் குடித்தாலே போதும், ரிக்கெட்ஸ் அண்டாது என்ற நம்பிக்கை ஆட்டம் கண்டது. 1919-ல் பெர்லினில் குர்ட் ஹுல்ட்ஷின்ஸ்கி, பாதரச விளக்கின் புறஊதா ஒளியால் நோயுற்ற குழந்தைகளைக் குணப்படுத்தினார். அதே காலத்தில் லண்டனில் எட்வர்ட் மெலன்பி, ஓட்ஸ் கஞ்சி கொடுத்து வீட்டுக்குள் வளர்த்த நாய்க்குட்டிகளுக்கு ரிக்கெட்ஸ் வரவழைத்து, மீன் எண்ணெயால் அதைப் போக்கினார். காரணம் உணவா, ஒளியா? இரு தரப்பும் விட்டுக்கொடுக்கவில்லை.

இழுபறிக்கு விடை வியன்னாவில் கிடைத்தது. முதல் உலகப்போருக்குப் பின் அந்த நகரம் பசியில் துவண்டு கிடந்தது. லண்டனின் லிஸ்டர் நிலையத்திலிருந்து ஹாரியட் சிக் தலைமையில் ஆய்வாளர் குழு ஒன்று அங்கே சென்றது. ஆஸ்திரேலியரான எல்சி டேலியெல், மார்கரெட் ஹியூம், ஹெலன் மக்கே, ஹன்னா ஹெண்டர்சன் ஸ்மித் என அனைவரும் பெண்கள். குழந்தைகள் மருத்துவமனையை நடத்திய கிளெமென்ஸ் ஃபான் பிர்கே, 'அலர்ஜி' என்ற சொல்லையே உருவாக்கியவர். ரிக்கெட்ஸ் ஒரு தொற்று நோய் என்பது அவருடைய எண்ணம். ஆனாலும், தம் கருத்துக்கு எதிரான ஆய்வுக்குத் தம் வார்டையே திறந்துவிட்டார். அந்தப் பெருந்தன்மை இல்லாவிட்டால் இந்த வரலாறு இன்னும் தாமதித்திருக்கும்.

அங்கிருந்தவை புட்டிப்பால் குழந்தைகள். ஒரு சாராருக்கு வழக்கமான பால், மற்றவர்களுக்குக் கொழுப்பு நீக்காத பால்மாவோடு மீன் எண்ணெய். வாரந்தோறும் எடை பார்த்தார்கள். மணிக்கட்டை எக்ஸ்ரே எடுத்தார்கள். நோயுற்ற எலும்பின் முனை கிண்ணம்போல் குழிந்து, ஓரம் பிசிறுபிசிறாகத் தெரியும். குணமாகத் தொடங்கியதும் அந்த முனையில் சுண்ணாம்புச் சத்து படிந்து மெல்லிய கோடு ஒன்று தோன்றும். பின்னர் அது தடித்து எலும்போடு சேரும். குளிர்காலத்தில் எண்ணெய் பெறாத குழந்தைகளில் பலருக்கு நோய் கண்டது, பெற்றவர்களுக்குக் காணவில்லை. கோடையில் எந்த உணவு கொடுத்தாலும் புதிதாக ஒருவருக்கும் வரவில்லை. ஏற்கெனவே நோயுற்றவர்கள் திறந்த மாடத்தில் வெயில் பட்டே தேறினர். எண்ணெய் செய்ததை ஒளியும் செய்தது. உணவு, ஒளி என இரு தரப்பும் சொன்னது சரி. முழு அறிக்கை 1923-ல் வெளியானது. ஹெலன் மக்கே 1934-ல் லண்டன் அரச மருத்துவர் கல்லூரியின் முதல் பெண் ஃபெலோ ஆனார். ஹாரியட் சிக் 102 வயது வரை வாழ்ந்தார்.

1922-ல் எல்மர் மக்காலம், மீன் எண்ணெயைச் சூடாக்கிக் காற்றைச் செலுத்தி அதன் வைட்டமின் ஏ-யை அழித்த பிறகும் அது ரிக்கெட்ஸைக் குணப்படுத்துவதைக் கண்டு, எஞ்சிய பொருளுக்கு வைட்டமின் டி எனப் பெயரிட்டார். 1923 முதல் 1926 வரை மார்த்தா எலியட் அமெரிக்காவின் நியூ ஹேவனில் மீன் எண்ணெயும் வெயில் குளியலும் சேர்த்து ஊரளவில் தடுப்புத் திட்டம் ஒன்றை நடத்தினார்.

அளவு மிகுந்த காலம். இரண்டாம் உலகப்போரை ஒட்டி பிரிட்டனில் பால்மா, தானியக் கூழ், இலவச மீன் எண்ணெய் என எல்லா வழியிலும் வைட்டமின் டி சேர்ந்தது. சில குழந்தைகளுக்கு நாளொன்றுக்கு 4,000 ஐ.யூ. வரை போயிருக்கலாம் எனக் கணக்கிடப்பட்டது. 1950-களில் ரத்தத்தில் கால்சியம் ஏறிய குழந்தைகள் வரத் தொடங்கவே, 1957-ல் அளவைக் குறைக்கப் பரிந்துரைக்கப்பட்டது. அவர்கள் நோயுற்றதற்கு வைட்டமின் மிகுதி மட்டும்தான் காரணமா என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. சிலருக்கு வில்லியம்ஸ் நோய்க்குறி என்ற மரபணுக் கோளாறு இருந்திருக்கலாம்; வைட்டமின் டி-யைச் சிதைக்கும் மரபணுவில் பிறவிக் கோளாறு இருந்தாலும் அப்படி நேரும் என்பது 2011-ல் தெரியவந்தது. கிழக்கு ஜெர்மனியில் மூன்று மாதங்களுக்கு ஒருமுறை 6,00,000 ஐ.யூ. ஒரே வேளையாகப் புகட்டும் முறை நெடுங்காலம் இருந்தது.

தாய்ப்பால் பற்றிய சர்ச்சை. 1977-ல் 'லான்செட்' இதழில் வந்த கட்டுரை, தாய்ப்பாலின் நீர்ப்பகுதியில் வைட்டமின் டி சல்பேட் தாராளமாக இருப்பதாகச் சொன்னது. அப்படியானால் சொட்டு மருந்து எதற்கு என்ற கேள்வி எழுந்தது. அந்த வடிவத்துக்கு ஆற்றல் மிகக் குறைவு என்று பிந்தைய ஆய்வுகள் கூறின. அமெரிக்காவின் வட கரோலினாவில் இரு மருத்துவ மையங்கள் 1990-களில் கண்ட 30 ரிக்கெட்ஸ் குழந்தைகளும் தாய்ப்பால் குடித்த கறுப்பினக் குழந்தைகள். தோலின் கருமை கூடக்கூட, அதே அளவு சத்தைப் பெற வெயில் அதிக நேரம் பட வேண்டியிருக்கிறது. அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் 2003-ல் 200 ஐ.யூ. என்றும், 2008-ல் 400 ஐ.யூ. என்றும் பரிந்துரைத்தது.

குழந்தைக்குத் தராமல் தாய்க்கே தந்தால் என்ன? பாலூட்டும் தாய் தினம் 6,400 ஐ.யூ. எடுத்துக்கொண்டால் குழந்தைக்குப் போதிய அளவு பால்வழி சேரும் என ஹோலிஸ், வாக்னர் குழுவினர் 2015-ல் அறிவித்தனர். இது இன்னும் பொது நடைமுறையாகவில்லை.

இந்தியாவில். டெல்லியில் நிறைமாதத்தில் எடை குறைந்து பிறந்த குழந்தைகளுக்கு வாரம் 1,400 ஐ.யூ. கொடுத்த ஆய்வு 2011-ல் வெளியானது. இறப்பிலும் மருத்துவமனைச் சேர்க்கையிலும் வேறுபாடு தெரியவில்லை. வளர்ச்சி சற்று மேம்பட்டது. இந்தியக் குழந்தை மருத்துவக் கழகம் முதல் ஆண்டு முழுதும் தினம் 400 ஐ.யூ. என்கிறது. பிறந்த குழந்தையைக் குளிப்பாட்டி இளவெயில் காட்டும் வழக்கம் நம் வீடுகளில் உண்டு. ஆனால் தோலில் இந்தச் சத்தை உண்டாக்கும் புறஊதா பி கதிர் அதிகாலையில் மிகக் குறைவு. ஜன்னல் கண்ணாடியை அது தாண்டுவதும் இல்லை. உச்சி வெயிலிலோ பிஞ்சுத் தோல் கன்றிவிடும்.

கடைகளில் 1 மில்லியில் 400 ஐ.யூ. உள்ள மருந்தும் உண்டு, 800 உள்ளதும் உண்டு. ஒரே சொட்டில் 400 அடங்கிய வகையும் சில நாடுகளில் விற்கிறது. மருந்தோடு வரும் சொட்டுக்குழாய் நிறைய எடுத்துப் புகட்டுவதால் அளவு மீறிவிடும் ஆபத்தைச் சுட்டி அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2010-ல் எச்சரிக்கை வெளியிட்டது, 400 ஐ.யூ.-வுக்கு மேல் கொள்ளாத குழாயையே மருந்தோடு தருமாறு தயாரிப்பாளர்களைக் கேட்டுக்கொண்டது.