தலையெழுத்தும் தண்டுவடமும்

பனையின் உச்சியிலிருந்து உழைப்பாளி ஒருவன் வீழ்கிறான். விடியுமுன் எழுந்து, பாளை சீவி, பதநீர் இறக்கச் சென்றவன். மட்டை முறிந்தது, பிடி நழுவிற்று, மண்ணிலே கிடக்கிறான். உயிர் இருக்கிறது, நினைவு இருக்கிறது, பேச்சும் இருக்கிறது. ஆனால் கால்கள் இரண்டும் தன்னுடையவை அல்ல என்பதுபோல் கிடக்கின்றன!

குமரி மாவட்டத்துக் கல்குளமும் விளவங்கோடும் தலைமுறை தலைமுறையாகக் கண்டுவந்த காட்சி இது. கூடி நிற்போர் என்ன சொல்வர்? "அவன் தலையெழுத்து!" என்பார் ஒருவர். "வர்மம் கொண்டுவிட்டது, ஆசானை அழையுங்கள்!" என்பார் மற்றொருவர். "தண்டுவடம் சிதைந்துவிட்டது" என்பார் மருத்துவர்.

மூன்று சொற்கள், மூன்று காலங்கள்! முதலாவது மடமையின் குரல். இரண்டாவது மூடிவைத்த அறிவின் குரல். மூன்றாவது திறந்து பார்த்த அறிவின் குரல். முதற்குரல் இன்னும் ஓயவில்லையே, ஏன்? இரண்டாம் குரல் ஏடுகளுக்குள்ளேயே அடங்கிப்போனதே, ஏன்? இதைத்தான் தோழர்கள் சிந்திக்க வேண்டும்.

எழுத்து எங்கே இருக்கிறது?

பிறக்கும்போதே மண்டையில் பிரமன் எழுதிவிட்டான் என்றனர். சான்று கேட்டால் மண்டையோட்டையே எடுத்துக் காட்டினர். "பார், கோணல் கோணலாய்க் கோடுகள் ஓடுகின்றன, இதுவே எழுத்து!" என்றனர்.

கோடுகள் இருப்பது உண்மை; எழுத்து என்பது பொய்! மூளையைக் காக்கும் பெட்டி 8 எலும்புகளால் ஆனது. குழந்தை பிறக்கும் வேளையில் அவை ஒன்றோடொன்று இறுகுவதில்லை. இறுகியிருந்தால் தலை தாயின் வயிற்றிலிருந்து வெளிவருவது அரிது. வளரும் மூளைக்கும் இடம் இராது. கைக்குழந்தையின் உச்சியிலே மென்மையாகத் துடிக்கும் குழியைத் தாய்மார் அறிவர். பின்னர் எலும்புகள் வளர்ந்து, ரம்பப் பல்லோடு ரம்பப் பல் கோத்தாற்போல் பொருந்துகின்றன. அந்தப் பொருத்துவாய்தான் பிரமனின் கையெழுத்தாகக் காட்டப்பட்டது!

பண்ணையாரின் மண்டையிலும் இக்கோடு உண்டு. பனையேறியின் மண்டையிலும் உண்டு. நாய்க்கும் உண்டு, நரிக்கும் உண்டு. ஒருவனுக்கு ஆளவும் மற்றவனுக்கு அடங்கவும் எழுதிய வேறுபாட்டை அதில் படித்தவர் எவர்? படிக்க முடியாத எழுத்தைக் காட்டிப் படிக்க விடாமல் செய்தனர் மக்களை!

மண்டைக்குள்ளும் முதுகுக்குள்ளும்

ஓட்டின் மேலே எழுத்தில்லை. ஓட்டுக்குள்ளே என்ன இருக்கிறது? ஏறத்தாழ 1,400 கிராம் எடையுள்ள மூளை. மூன்று உறைகள் அதனைப் போர்த்துகின்றன. உறைகளுக்கிடையே தெளிந்த நீர் ஒன்று நின்று, அதிர்ச்சியைத் தாங்குகிறது. உடலின் எடையில் நூற்றில் 2 பங்குதான் மூளை. ஆனால் ஓய்ந்திருக்கும் உடல் செலவிடும் உயிர்க்காற்றில் 20 பங்கை அதுவே எடுத்துக்கொள்கிறது. ஏறத்தாழ 8,600 கோடி நரம்பணுக்கள் அங்கே செய்தி வாங்குகின்றன, செய்தி விடுக்கின்றன.

பெருமூளை எண்ணுகிறது, உணர்கிறது, ஆணையிடுகிறது. பிடரிப் பக்கம் இருக்கும் சிறுமூளை அசைவைச் சீர்செய்கிறது. வரப்பின்மேல் தடுமாறாமல் நடப்பதும், பனையில் கையும் காலும் ஒத்து ஏறுவதும் அதன் உதவியால். இவற்றின் கீழே, கழுத்தைத் தொடும் இடத்தில், முகுளம். மூச்சும் இதயத் துடிப்பும் அங்கிருந்து நெறிப்படுத்தப்படுகின்றன. பெருமூளையிலிருந்து தசைகளுக்கு ஆணை கொண்டுசெல்லும் இழைகளில் பெரும்பாலானவை முகுளத்திலே இடம் வலமாக மாறுகின்றன. எனவேதான் மூளையின் இடப்பக்கம் தாக்குண்டால் வலக்கை விழுகிறது.

முகுளத்திலிருந்து தொடங்கி முள்ளெலும்புகளின் நடுவே இறங்குகிறது தண்டுவடம். வளர்ந்த மனிதனிடம் ஏறத்தாழ 45 சென்டிமீட்டர் நீளம். சுண்டுவிரல் அளவு பருமன். அதிலிருந்து 31 இணை நரம்புகள் கிளைக்கின்றன. அடுப்பில் கை பட்டதும், "சுடுகிறது" என்று மூளை அறியுமுன்பே கையைப் பின்னுக்கு இழுக்கச் செய்வது இத் தண்டுவடமே.

இப்போது பனையடியில் கிடப்பவனைப் பாருங்கள். முதுகின் கீழ்ப்பகுதியில் முள்ளெலும்பு முறிந்து, தண்டுவடம் நசுங்கியது. மூளை பழுதின்றி இருக்கிறது, ஆகவே பேசுகிறான். கைகளுக்கான நரம்புகள் கழுத்தருகே பிரிந்துவிடுகின்றன. ஆகவே கை அசைகிறது. கால்களுக்கான ஆணை முறிந்த இடத்தைத் தாண்ட முடியவில்லை. ஆகவே கால் கிடக்கிறது. கழுத்தின் கீழ்ப்பகுதியில் இதே முறிவு நேர்ந்தால் கைகளும் வலுவிழக்கும். உதரவிதானத்தை இயக்கும் நரம்பு கழுத்தின் 3, 4, 5ஆம் நரம்புகளிலிருந்து வருவது. அதற்கும் மேலே முறிந்தால் மூச்சே நிற்கும். இதில் எழுத்து எங்கே, விதி எங்கே? இடம் இருக்கிறது, காரணம் இருக்கிறது, விளைவு இருக்கிறது!

ஆசான் அறிந்ததும் அறியாததும்

ஆசானை இகழ்வது நம் நோக்கமன்று. உடலில் 108 வர்மங்கள் எனக் கணக்கிட்டனர் குமரி நாட்டு ஆசான்கள். தலை முதல் கழுத்து வரை 25, கழுத்து முதல் கொப்பூழ் வரை 45, அதன் கீழ் 9, கைகளில் 14, கால்களில் 15. இவற்றுள் உயிருக்கே உலை வைக்கும் படுவர்மம் 12, தொடுவர்மம் 96. தலைக்கும் கழுத்துக்கும் மட்டும் 25 இடங்களைக் குறித்தவர்கள், எந்தப் பகுதி உயிருக்கு நெருக்கமானது என்பதைக் கண்ணாலும் கையாலும் அறிந்தவர்களே. அடி பட்டவனை எழுப்ப அடங்கல் என்றும் இளக்குமுறை என்றும் வழிகள் வகுத்தனர். எலும்பைக் கூட்டிக் கட்டினர். எண்ணெய் இட்டுத் தடவினர். அவர்களிற் பலர் உழைக்கும் மக்களிடையே தோன்றியவர்கள். பள்ளியின் படி ஏற விடப்படாத குலத்தார் பாடுபட்டுச் சேர்த்த அறிவு அது!

ஆனால், பிடரியில் அடித்தால் மாள்வான் என்றறிந்த ஆசான், ஏன் மாள்கிறான் என்று சொல்ல முடிந்ததா? "வாசி தடைப்பட்டது" என்றார். ஓட்டுக்குள் இருக்கும் முகுளத்தை அவர் கண்டதில்லை. அறிந்ததையேனும் ஊருக்குச் சொன்னாரா? பன்னிரண்டு ஆண்டு பணிந்து நின்ற மாணவனுக்கே உபதேசம் என்பது மரபு. ஏட்டிலோ பரிபாஷை, பொருள் விளங்காத மறைச்சொல். தீயவன் கையில் சிக்கினால் தீங்கு என்று அஞ்சியது ஒருவகையில் நியாயமே. ஆயினும் விளைவு யாது? ஆசான் மறைந்தால் அறிவும் மறைந்தது. ஒருவர் செய்த பிழையைப் பிறர் திருத்த வழியில்லை. பூட்டிய பெட்டியில் நெல்லும் முளைக்காது, அறிவும் முளைக்காது!

பிறர் கண்ட வழி

மேல்நாட்டார் பிறவி அறிஞர் என்று எண்ணிவிட வேண்டா. மூளை உடலின் சூட்டைத் தணிக்கும் உறுப்பு, எண்ணம் பிறப்பது இதயத்தில் என்று நம்பினார் அரிஸ்டாட்டில். அதற்கும் நெடுங்காலம் முன்பே, கி.மு. 1600 அளவில் எழுதப்பட்ட எகிப்திய ஏடு ஒன்று, கழுத்தெலும்பு விலகியவன் கை கால் உணர்விழப்பதைக் கூறி, இது மருத்துவத்துக்கு அடங்காத நோய் எனக் கைவிரித்தது. கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் காலென், விலங்குகளின் தண்டுவடத்தை வெவ்வேறு மட்டத்தில் அறுத்து, எங்கு அறுத்தால் எது நிற்கிறது எனக் கண்டார். ஆயினும் அவர் சொல்லையே வேதமாக்கி 1,300 ஆண்டு முடங்கிக் கிடந்தது ஐரோப்பா. 1543இல் வெசாலியஸ், மனித உடலைத் தம் கையாலேயே அறுத்து, கண்டதை வரைந்து வெளியிட்டார். காலெனின் பிழைகள் அம்பலமாயின!

அதன்பின் ஒருவர் விட்ட இடத்தில் மற்றொருவர் தொடர்ந்தார். முகுளத்தின் ஒரு குறிப்பிட்ட பகுதி அழிந்தால் மூச்சு நிற்கிறது என்பதை முயல்களிடம் செய்த சோதனையால் காட்டி, 1812இல் நூலாக வெளியிட்டார் பிரெஞ்சுக்காரர் லெகால்வா. ஆங்கிலேயர் பெல் 1811இல் தொடங்கியதை 1822இல் பிரெஞ்சுக்காரர் மஜாந்தி முடித்துவைத்தார்: தண்டுவட நரம்பின் முன்வேர் அசைவுக்கு, பின்வேர் உணர்ச்சிக்கு! 1861இல், பேச்சிழந்து மாண்ட ஒருவரின் மூளையைத் திறந்து, இடப்பக்க முன்பகுதியில் பேச்சுக்குரிய இடத்தைக் கண்டார் பாரிசு நகரத்து புரோக்கா. பிடரி அடியின் மருமத்தை நம் ஆசானும் அறிந்தார், அவரும் அறிந்தார். அவர் அச்சிட்டார், இவர் மறைத்தார். வேறுபாடு அறிவில் இல்லை, அறிவை நடத்திய முறையில்!

தொடாத நாட்டில் உடற்கூறு வளருமா?

இங்கே கத்தியை யார் தடுத்தனர்? சுச்ருதர் நூலிலேயே பிணத்தை ஆராயும் முறை உண்டு. ஓடும் நீரில் ஏழு நாள் ஊறவைத்து, தோலை மெல்லத் தேய்த்து, உள்ளுறுப்பைக் காண் என்றது அது. 107 மருமங்களையும் அது குறித்தது. ஊறி அழுகிய உடலில் மென்மையான மூளையை எவ்வாறு ஆராய்வது? அந்த முறையையேனும் மேலே வளர்க்க விட்டார்களா? பிணம் தீட்டு, குருதி தீட்டு, தொட்டவன் தீட்டு என்றது வைதிகம்.

திருவிதாங்கூர் இராச்சியத்தில் குமரி மண் இருந்த காலத்தை எண்ணுங்கள். தொட்டாலும் தீட்டு, அருகே வந்தாலும் தீட்டு. முதுகை நிமிர்த்தி நடப்பதே குற்றம். மேலாடை அணியும் உரிமைக்காகப் பெண்கள் போராடி, 1859இல்தான் அரசாணை வந்தது. அதுவும் உயர்சாதிப் பெண்களைப்போல் உடுத்தலாகாது என்ற தடையோடு! கோயில் வாயில் திறந்தது 1936இல். உயிரோடு இருப்பவனைத் தொட மறுத்த நாடு, இறந்தவனைத் தொட்டு ஆராயுமா? கல்கத்தாவில் 1836இல் மதுசூதன் குப்தா பிணத்தை அறுத்தபோது, வைதிகம் விதித்த விலக்கையும் சேர்த்தே அறுத்தார்!

கதவு திறந்தது

1838இல் நெய்யூரில் இலண்டன் மிஷன் மருத்துவப் பணி தொடங்கிற்று. வந்தவர்கள் மதம் பரப்பவே வந்தனர். அதை நாம் மறைக்கவில்லை. ஆனால் மருத்துவர் நோயாளியைத் தொட்டுத்தானே ஆக வேண்டும்! 1861இல் வந்த ஜான் லோ, உள்ளூர் இளைஞர்களுக்கே மருத்துவம் கற்பித்தார். 1920களில் எவரெஸ்ட் மலையேறிய அறுவை மருத்துவர் சாமர்வெல், மலையை விட்டு நெய்யூரில் அமர்ந்து, இருபது ஆண்டுக்கும் மேலாக அறுவைக்கத்தி பிடித்தார்.

கடல் கடந்து யாழ்ப்பாணத்து மானிப்பாயில் மற்றொரு புரட்சி! அமெரிக்க மருத்துவர் சாமுவேல் கிறீன், தமிழ் மாணவர்க்குத் தமிழிலேயே மருத்துவம் கற்பித்தார். அவருடைய முயற்சியால் 1872இல் 'மனுஷ அங்காதிபாதம்' என்னும் உடற்கூற்று நூல் தமிழில் வெளிவந்தது. தமிழில் அறிவியல் வருமா என்று இன்றும் கேட்போர் உளர். ஒன்றரை நூற்றாண்டுக்கு முன்பே வந்துவிட்டது!

1949இல் வேலூரில் ஜேக்கப் சாண்டியும், 1950இல் சென்னைப் பொது மருத்துவமனையில் பி. இராமமூர்த்தியும் மூளை, நரம்பு அறுவையைத் தொடங்கினர். அதே வேலூரில் 1954இல் மேரி வர்கீஸ் என்ற இளம் பெண் மருத்துவர் விபத்தில் சிக்கினார், தண்டுவடம் சிதைந்தது, கால்கள் ஓய்ந்தன. தலையெழுத்து என்று மூலையில் முடங்கினாரா? சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளரின் கைகளுக்கு அறுவை செய்தார். வெளிநாடு சென்று மறுவாழ்வு மருத்துவம் கற்றார். 1966இல், தண்டுவடம் முறிந்தோர் தங்கிப் பயிற்சி பெறும் நிலையம் அவர் தலைமையில் வேலூரில் எழுந்தது. அறுந்த தண்டுவடத்தை மீண்டும் இணைக்கும் வழி இன்றும் மருத்துவத்துக்குக் கைவரவில்லை. ஆயினும் வாழ்வை இணைக்க வழி உண்டு என்று காட்டினார் அப் பெருமாட்டி!

இளைஞர்க்கு

தோழர்களே! பனையடியில் ஒருவன் விழுந்தால் செய்வது என்ன? கையொருவர் காலொருவராகத் தூக்காதீர்! உட்கார வைக்காதீர்! நசுங்கிய தண்டுவடம், அந்த ஒரு வளைவில் முற்றிலும் அறுந்துபோகலாம். தலை, கழுத்து, முதுகு மூன்றும் ஒரே கோட்டில் நிற்க, அசையாமல் கிடத்தி வையுங்கள். மருத்துவ ஊர்தியை அழையுங்கள். வர்மமும் 108, அந்த ஊர்தியை அழைக்கும் எண்ணும் 108! இம் முதலுதவியைப் பனங்காட்டிலும் தென்னந்தோப்பிலும் ஊரூராய்ச் சொல்லுங்கள்.

வீட்டுப் பரணில் வர்ம ஏடு இருந்தால் அதைப் பூசையில் வைக்காதீர், படியெடுத்து அச்சிடுங்கள். ஆராய்ச்சிக்கு உட்படுத்தட்டும், நின்றது நிலைக்கட்டும், பொய்த்தது போகட்டும். ஆசாரிப்பள்ளத்தில் இன்று அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. நம் வீட்டுப் பிள்ளைகள் உடற்கூறு கற்க உடல்கள் வேண்டும். இறந்தபின் என் உடல் இவர்களுக்கே என எழுதிக் கொடுக்கத் துணிவோர் நம்மில் எத்தனை பேர்? தீட்டை மேடையில் மறுப்பது எளிது. உடலால் மறுப்பதே மெய்யான மறுப்பு!

எழுத்து தலையின்மேல் இல்லை, தோழர்களே! எழுதும் ஆற்றல் தலைக்குள்ளே இருக்கிறது. எழுதுவோம்!