காமிராவும் ஒரு கரும்பலகைதான்

"மலருக்கு வரலாற்றுக் கட்டுரை ஒண்ணு வேணும் சார்" என்று மலர்க்குழு இளவல்கள் கேட்டார்கள். சோழர், பல்லவர் என்று ஏதாவது எழுதித் தருவேன் என்று நினைத்திருப்பார்கள். நான் எழுத எடுத்துக்கொண்டதோ ஒரு பாடத்தின் வரலாறு. புகைப்படப் பாடம்! காரணம் இருக்கிறது. நம் பக்கத்துப் பிள்ளைகள் "போட்டோகிராபி படிக்கிறேன்" என்று சொன்னால், "படம் புடிச்சா சோறு கிடைக்குமா?" என்று வீட்டில் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் அது புதிய கேள்வியல்ல. 160 ஆண்டுகளுக்கு முன்பே மதராஸ் கவர்னர் ஒருவர் ஏறக்குறைய அதையே கேட்டுவிட்டார்!

1850-ஆம் ஆண்டு, ராணுவ மருத்துவரான அலெக்சாண்டர் ஹண்டர் மதராஸில் ஓர் ஓவியப் பள்ளியைத் தம் சொந்த முயற்சியில் தொடங்கினார். சில ஆண்டுகளில் அரசு அதை ஏற்று நடத்தியது. இன்று சென்னை பெரியார் ஈ.வெ.ரா. சாலையில் நிற்கும் அரசு கவின்கலைக் கல்லூரிதான் அது. தேவி பிரசாத் ராய் சௌத்ரியும் கே.சி.எஸ். பணிக்கரும் முதல்வராக இருந்த அதே இடம். கோடு போடுவது, மண்பாண்டம் செய்வது, மரத்தில் செதுக்குவது ஆகியவற்றோடு அந்த 1850-களிலேயே அங்கே புகைப்படமும் கற்றுக்கொடுக்கத் தொடங்கினார்கள். புகைப்படக் கலை உலகுக்கு அறிவிக்கப்பட்டதே 1839-இல்தான் என்பதை நினைத்துப் பார்த்தால் இதன் அருமை புரியும். 1856-இல் மதராஸ் புகைப்படச் சங்கம் தோன்றியபோதும் ஹண்டர் அதில் முன்னணியில் நின்றார்.

அந்தக் காலத்துப் புகைப்பட வகுப்பு என்றால் லேசுப்பட்டதல்ல. கண்ணாடித் தகட்டில் கொலோடியன் என்ற பசைக் கரைசலை ஊற்றி, வெள்ளி உப்புக் கரைசலில் முக்கி, ஈரம் காய்வதற்குள் படம் எடுத்து, உடனே இருட்டறைக்குள் ஓடிக் கழுவியாக வேண்டும். மதராஸ் வெயிலில் அந்த ஈரம் எத்தனை நிமிஷம் நிற்கும்? ஆகவே மாணவன் முதலில் யோசிக்க வேண்டும். பிறகுதான் மூடியைத் திறக்க வேண்டும். வெளிச்சம் எங்கிருந்து வருகிறது, நிழல் எங்கே விழும், எது படத்துக்குள் வேண்டும், எது வேண்டாம் என்பதையெல்லாம் மனசுக்குள்ளே ஒருமுறை எடுத்து முடித்த பிறகுதான் கருவியைத் தொட முடியும்.

இந்தப் பள்ளி மாணவர்கள் எடுத்த கோயில், கோட்டைப் படங்கள் இன்றும் லண்டன் நூலகத் தொகுப்புகளில் இருக்கின்றன. ஆனால் ஒரு வருத்தம். அவற்றில் பலவற்றின் கீழே "மதராஸ் கலைப்பள்ளி" என்றுதான் இருக்கிறது. எடுத்த பையனின் பெயர் இல்லை. வகுப்பில் கொடுத்த வேலையைச் செய்தான், படம் கடல் தாண்டிப் போனது, பெயர் மட்டும் வகுப்பறையிலேயே நின்றுவிட்டது.

அதே காலத்தில் லினேயஸ் டிரைப் என்ற ராணுவ அதிகாரி மதராஸ் மாகாணத்தின் அரசுப் புகைப்படக்காரராக 1856-இல் நியமிக்கப்பட்டார். மாட்டு வண்டிகளில் சாமான்களை ஏற்றிக்கொண்டு, 1857 கடைசியிலும் 1858-லும் ராயக்கோட்டை, திருச்சி, மதுரை, தஞ்சை என்று சுற்றினார். தஞ்சைப் பெரிய கோயிலில் அவர் செய்த வேலை ஒன்றைக் கட்டாயம் சொல்ல வேண்டும். விமானத்தின் அடிப்பகுதியில் ஓடும் கல்வெட்டை ஒரே படத்தில் அடக்க முடியாது. பார்த்தார் மனுஷன். சுவரையொட்டி நகர்ந்து நகர்ந்து எடுத்து, 21 படங்களை ஒட்டிச் சேர்த்து, ஏறத்தாழ 19 அடி நீளத்துக்கு ஒரே படமாக்கிவிட்டார்! கற்பனை என்பது கனவு காண்பது மட்டுமல்ல. தடை ஒன்று வந்து நிற்கும்போது அதைச் சுற்றிக்கொண்டு போகிற வழியைக் கண்டுபிடிப்பதும் கற்பனைதான்.

அப்புறம் என்ன ஆயிற்று? 1859-இல் கவர்னராக வந்த சர் சார்லஸ் டிரவெல்யன், இதெல்லாம் அரசுக்கு ஆடம்பரச் செலவு என்று சொல்லி நிறுத்தச் சொல்லிவிட்டார். டிரைப்பின் வேலை 1860-உடன் முடிந்தது. இன்று அந்த ஆடம்பரம்தான், அந்தக் கோயில்கள் அப்போது எப்படி இருந்தன என்பதற்கு நமக்குக் கிடைத்திருக்கும் சாட்சி. "சோறு கிடைக்குமா" என்ற கேள்விக்கு ஒரு பதில் இதில் இருக்கிறது. சில வேலைகளின் பலன் அந்த வருஷத்துக் கணக்குப் புத்தகத்தில் வராது.

இனி வகுப்பில் கொடுக்கும் அசைன்மென்ட் எப்படிப்பட்டதாக இருக்க வேண்டும் என்பதற்கு வெளிநாட்டிலிருந்து இரண்டு உதாரணங்கள்.

நியூயார்க்கில் எதிகல் கல்ச்சர் பள்ளி என்று ஒன்று. அங்கே லூயிஸ் ஹைன் என்ற ஆசிரியர், எல்லிஸ் தீவில் வந்திறங்கும் ஏழைக் குடியேறிகளைப் படமெடுத்துக்கொண்டே, மாணவர்களுக்கும் காமிராவைக் கற்றுக்கொடுத்தார். 1907-இல் அவர் வகுப்பில் சேர்ந்த 17 வயதுப் பையன் பால் ஸ்ட்ராண்ட். ஹைன் மாணவர்களை ஸ்டீக்லிட்ஸின் புகைப்படக் கூடத்துக்கும் அழைத்துப் போய்க் காட்டினார். தம்மைப் போலவே எடுக்க வேண்டும் என்று அவர் கட்டிப்போடவில்லை. ஆசிரியர் குழந்தைத் தொழிலாளரைப் படமெடுத்துச் சமூகத்தை உலுக்கினார். மாணவர் 1915-இல் வால் ஸ்ட்ரீட்டின் பெரிய கட்டடத்தையும் அதன்கீழ் எறும்பாய் நடக்கும் மனிதர்களையும் எடுத்துத் தனிப்பாதை போட்டார். குருவின் நகல் அல்ல சிஷ்யன்.

இன்னொருவர் வெண்டி எவால்ட். 1975 முதல் அமெரிக்காவின் கென்டக்கி மலைப்பகுதிக் கிராமத்துப் பிள்ளைகளுக்குக் காமிரா கொடுத்துக் கற்பித்தவர். அவர் கொடுத்த வேலைகளைக் கேளுங்கள்: உன்னை எடு, உன் குடும்பத்தை எடு, உங்கள் வீட்டுப் பிராணிகளை எடு, கடைசியாக, உன் கனவை எடு. கனவை எப்படி எடுப்பது? பிள்ளைகள் தாங்களே நடித்து, ஜோடித்து எடுத்தார்கள்! பின்னாளில், 1989-இல், குஜராத் கிராமம் ஒன்றிலும் அவர் பிள்ளைகளோடு இப்படி வேலை செய்தார். "நல்லா எடு" என்று பொதுவாகச் சொன்னால் பிள்ளை திகைத்து நிற்கும். "இதை எடு" என்று ஓர் எல்லை போட்டுக் கொடுத்தால், அந்த எல்லைக்குள்ளே அதன் புத்தி ஓடி விளையாடும்.

நம் ஊரிலேயே இதற்கு அத்தாட்சி உண்டு. இயற்கையாளர் மா. கிருஷ்ணன் (1912–1996) தமக்குத் தாமே எல்லை போட்டுக்கொண்டவர். கறுப்பு வெள்ளையில் எடுத்தார். பல காமிராக்களின் பாகங்களைச் சேர்த்துத் தாமே ஒட்டுப்போட்ட காமிராவைக் காட்டுக்குத் தூக்கிப் போனார். யானையை அவரைப்போல் பார்த்தவர்கள் குறைவு.

முன்னாள் மாணவ நண்பர்களுக்கு இன்னொரு ஞாபகம் வரும். ஒரு ரோல் பிலிம் என்றால் 36 படம். ஊட்டியில் 1960-இல் தொடங்கப்பட்ட ஹிந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் தயாரித்த 'இந்து' பிலிம் நம்மில் பலர் கையில் இருந்தது. அந்தத் தொழிற்சாலை பின்னாளில் மூடப்பட்டுவிட்டது. ஒரு படம் வீணானால் காசு போச்சே என்ற பயத்தில்தான் நாம் உற்றுப் பார்க்கக் கற்றோம். இன்றைய தம்பி தங்கைகளிடம் செல்போன் இருக்கிறது. ஆயிரம் எடுக்கலாம், அழிக்கலாம். வசதிதான். ஆனால் ஆயிரமும் ஒரே மாதிரி இருந்தால் என்ன லாபம்?

சரி, நம்ம ஊர்க் கதைக்கு வருவோம். நான் மூங்கில்துறைப்பட்டுப் பக்கத்துக்காரன். தென்பெண்ணை ஒருபுறம், கூட்டுறவு சர்க்கரை ஆலை ஒருபுறம், தொலைவில் கல்வராயன் மலை. 1993-இல் விழுப்புரம் மாவட்டம், 2019-இல் கள்ளக்குறிச்சி மாவட்டம் என்று பெயர்ப்பலகைகள் மாறினவே தவிர, ஊரின் முகத்தை யார் படமெடுத்து வைத்தோம்? 2024 டிசம்பர் தொடக்கத்தில், ஃபெஞ்சல் புயல் மழையில் சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு ஒன்றரை லட்சம் கன அடிக்கு மேல் தண்ணீர் திறந்துவிட்டார்கள். வெள்ளத்தின் வீடியோ எல்லார் போனிலும் இருக்கிறது. வெள்ளத்துக்கு முந்தைய கரை, மரம், படித்துறை, பம்பு செட்டு ஆகியவை எத்தனை பேரிடம் இருக்கின்றன?

மலை மேலே இருக்கும் மலையாளிப் பழங்குடி மக்களின் கதை இன்னும் கொஞ்சம் கசப்பானது. 1909-இல் எட்கர் தர்ஸ்டன், ரங்காச்சாரி துணையோடு வெளியிட்ட ஏழு தொகுதி 'தென்னிந்தியச் சாதிகளும் பழங்குடிகளும்' நூலில் மலையாளிகளைப் பற்றியும் எழுதியிருக்கிறார். அந்தக் காலத்து இப்படிப்பட்ட நூல்களில் படத்தின் கீழே பெரும்பாலும் சாதிப் பெயர்தான் இருக்கும். ஆளின் பெயர் இராது. கலைப்பள்ளிப் பையனுக்குப் படமெடுத்தும் பெயரில்லை. இவர்களுக்குப் படத்தில் நின்றும் பெயரில்லை. மலைக்கிராமத்துப் பிள்ளை ஒன்று நம் கல்லூரியில் படித்து, தன் பாட்டியைத் தானே படமெடுத்து, கீழே அவர் பெயரை எழுதினால், அந்த நூற்றாண்டுக் கணக்கு அன்றைக்குத்தான் நேராகும்.

ஆகவே கல்லூரிக்கும் இளவல்களுக்கும் என் யோசனை இதுதான். பெரிய காமிரா வேண்டாம். கைப்பேசி போதும், ஆனால் ஒரு பருவத்துக்கு 36 படம்தான். முதல் வேலை: ஆலை வாசலில் நிற்கும் கரும்பு வண்டிகளை, முகமே தெரியாமல் கைகளை மட்டும் வைத்துச் சொல். இரண்டாவது: ஆற்றங்கரையில் ஒரே இடத்தில் நின்று காலை, உச்சி, அந்தி மூன்று வேளையும் எடு. மூன்றாவது: வீட்டில் உள்ள பழைய படம் ஒன்றை எடுத்துக்கொண்டு, அது எடுக்கப்பட்ட அதே இடத்தில் நின்று இன்றைக்கு எடு. நான்காவது: ஒரு பெரியவரிடம் அனுமதி கேட்டு எடு, பெயர், ஊர், வேலை எல்லாம் அவர் வாயாலேயே கேட்டு எழுது. எடுத்த உடனே அவருக்கு ஒரு பிரதி கொடு.

அடுத்த சந்திப்புக்கு நாம் கூடும்போது, மேடைக்குப் பக்கத்தில் இந்தப் படங்கள் தொங்கட்டும். படத்தில் இருப்பவர் பெயர் ஒரு பக்கம், எடுத்த மாணவர் பெயர் ஒரு பக்கம். அச்சுச் செலவை முன்னாள் மாணவர்களாகிய நாம் ஏற்போம். டிரவெல்யன் துரை மாதிரி ஆடம்பரம் என்று சொல்ல மாட்டோம்.