குளிரே இல்லாத மும்பையில் கார் பேட்டரி ஏன் படுத்துக்கொள்கிறது? மெயின்டெய்னர் வாங்கும் முன் பார்க்க வேண்டியவை

பொங்கலுக்கு மூன்று வாரம் திருநெல்வேலி போய்விட்டு தாதரில் வந்து இறங்குகிறீர்கள். மறுநாள் காலை செம்பூர் பார்க்கிங்கில் சாவியைத் திருப்பினால் 'டிக் டிக்' சத்தம் மட்டும்தான். பக்கத்து வண்டிக்காரரிடம் ஜம்பர் கேபிள் கேட்டு நிற்கும்போதுதான் கேள்வி வரும்: புது பேட்டரிதானே, எப்படி இறங்கியது?

மும்பையில் இது அரிதான கதை இல்லை. வாரம் முழுக்க லோக்கல் ரயில், ஞாயிற்றுக்கிழமை மட்டும் கார் என்பதுதான் நம்மில் பலருடைய வாழ்க்கை. 2020 மார்ச் 25-ம் தேதி தொடங்கிய ஊரடங்கில் வாரக்கணக்கில் நின்ற கார்கள் இந்தப் பாடத்தை நாடு முழுக்க நடத்தின.

நிற்கும் வண்டியின் பேட்டரியைக் காப்பாற்ற 'மெயின்டெய்னர்' என்ற சின்ன சார்ஜர் விற்கிறது. ஸ்வீடன், கனடா போன்ற நாடுகளில் பனிக்காலத்தில் காரை மாதக்கணக்கில் நிறுத்துபவர்கள் வழக்கமாகப் பயன்படுத்தும் கருவி. நமக்கு அது தேவையா? தேவை என்றால் எதை வாங்குவது?

வண்டி நிற்கும்போது கரண்ட் எங்கே போகிறது?

எஞ்சினை அணைத்தாலும் கார் முழுசாகத் தூங்குவதில்லை. ரிமோட் லாக், அலாரம், கடிகாரம், எஞ்சின் கம்ப்யூட்டர் எல்லாம் கொஞ்சம் கொஞ்சமாக உறிஞ்சிக்கொண்டே இருக்கும். பொதுவாக இது 20 முதல் 50 மில்லிஆம்பியர்.

சின்ன பெட்ரோல் கார்களில் வரும் 35 ஏ.எச் பேட்டரியை வைத்துக் கணக்குப் போடுவோம்.

• 30 மில்லிஆம்பியர் என்றால் ஒரு நாளைக்கு 0.72 ஏ.எச். சுமார் 24 நாளில் பாதி காலி.
• 50 மில்லிஆம்பியர் என்றால் ஒரு நாளைக்கு 1.2 ஏ.எச். 15 நாளுக்குள் பாதி காலி.
• பார்க்கிங் மோடில் ஓடும் டேஷ்கேம் கால் ஆம்பியர் எடுக்கிறது என்று வைத்தால் ஒரு நாளைக்கு 6 ஏ.எச். மூன்றே நாளில் பாதி காலி.

இது பேட்டரி முழு சார்ஜில் இருந்தால்தான். மாட்டுங்காவிலிருந்து தாராவி வரை சிக்னலுக்கு சிக்னல் நின்று போகும் வண்டியில் அது முழுசாக ஏறியே இருக்காது.

குளிர் இல்லையே, பிறகென்ன?

குளிரில் பேட்டரியின் உதை குறையும், எஞ்சினும் சண்டித்தனம் செய்யும். ஆனால் பேட்டரியின் ஆயுளைத் தின்பது வெயில். ஏறக்குறைய ஒவ்வொரு 10 டிகிரி உயர்வுக்கும் உள்ளே நடக்கும் வேதிமாற்றம் இரண்டு மடங்காகும் என்பது பொதுக் கணக்கு. தானாக இறங்குவதும் அதற்கேற்ப கூடும். ஏப்ரல், மே மாதத்தில் ஊருக்குப் போகிறவர்கள்தான் அதிகம் கவலைப்பட வேண்டும்.

இறங்கிய பேட்டரியை அப்படியே விட்டால் உள்ளே இருக்கும் ஈயத் தகடுகளில் ஈய சல்ஃபேட் கெட்டியாகப் படியும். இதைத்தான் மெக்கானிக் 'சல்ஃபேஷன்' என்கிறார். அதன் பிறகு எவ்வளவு சார்ஜ் போட்டாலும் பழைய கொள்ளளவு முழுசாகத் திரும்பாது.

முதலில் வாங்க வேண்டியது சார்ஜர் இல்லை, மல்டிமீட்டர்

லேமிங்டன் ரோட்டில் சில நூறு ரூபாய்க்கே டிஜிட்டல் மல்டிமீட்டர் கிடைக்கும். வண்டியை நிறுத்தி ஆறு மணி நேரமாவது கழித்து பேட்டரியின் இரண்டு முனைகளிலும் வைத்துப் பாருங்கள்.

• 12.6 வோல்ட்டுக்கு மேல்: கிட்டத்தட்ட முழு சார்ஜ்
• 12.4: முக்கால்
• 12.2: பாதி
• 12.0: கால்
• 11.8-க்குக் கீழே: காலி

ஒரு வாரம் நின்ற பிறகும் 12.5-க்கு மேல் இருந்தால் உங்களுக்கு மெயின்டெய்னர் அவசரம் இல்லை.

சார்ஜர் வேறு, மெயின்டெய்னர் வேறா?

ஆமாம். பழைய சாதா சார்ஜர் பேட்டரி நிறைந்தாலும் கரண்ட்டைத் தள்ளிக்கொண்டே இருக்கும். அதை மறந்துபோய் விட்டால் உள்ளே தண்ணீர் வற்றும், பேட்டரி சூடாகும், தகடுகள் கெடும். மெயின்டெய்னர் முதலில் 14.4 வோல்ட் அளவுக்கு ஏற்றி, நிறைந்ததும் 13.2 முதல் 13.8 வரை இறக்கிவிடும். இதற்குப் பெயர் 'ஃப்ளோட்'. ஊருக்குப் போகும்போது மாட்டிவிட்டுப் போகக்கூடியது இது மட்டும்தான்.

வாங்கும்போது எதையெல்லாம் பார்க்கணும்?

1. ஃப்ளோட் இருக்கிறதா? பெட்டியில் 'ஸ்மார்ட்' என்று எழுதியிருந்தால் போதாது. ஃப்ளோட் அல்லது மெயின்டெனன்ஸ் மோட் என்று தெளிவாக இருக்க வேண்டும்.

2. எத்தனை ஆம்பியர்? பராமரிக்க மட்டும் என்றால் 1 ஆம்பியர் போதும். இறங்கியதை ஏற்றவும் வேண்டுமென்றால் பேட்டரி ஏ.எச்-இல் பத்தில் ஒரு பங்கு, அதாவது 35 ஏ.எச்-க்கு சுமார் 4 ஆம்பியர். 10 ஆம்பியர் மாடலுக்குக் காசு கூடக் கொடுக்க வேண்டாம்.

3. உங்கள் பேட்டரி எந்த வகை? சிக்னலில் தானாக எஞ்சின் அணையும் கார்களில் ஈ.எஃப்.பி அல்லது ஏ.ஜி.எம் பேட்டரி இருக்கலாம். ஸ்டிக்கரைப் பார்த்து அதற்கான மோட் உள்ளதை எடுங்கள். லித்தியம் மோடை ஈய பேட்டரிக்குப் போடவே கூடாது. எலெக்ட்ரிக் காரிலும் பொதுவாக ஒரு 12 வோல்ட் பேட்டரி தனியாக உண்டு. அதற்கு கார் கையேடு சொல்வதுதான் கணக்கு.

4. 220-240 வோல்ட்டுக்கானதா? அமெரிக்காவிலிருந்து நண்பர் கொண்டுவரும் நோக்கோ போன்ற பிராண்டுகளில் 120 வோல்ட்டுக்கு மட்டுமான மாடல்கள் உண்டு. பிளக் அடாப்டர் போட்டால் வோல்ட் மாறாது, சார்ஜர் எரிந்துவிடும்.

5. பாதுகாப்பு: கிளிப்பை மாற்றி மாட்டினாலும், ஷார்ட் ஆனாலும் தானே நிற்க வேண்டும். திறந்த பார்க்கிங் என்றால் ஐ.பி. 65 தரம் பாருங்கள். வெப்பத்துக்கு ஏற்ப வோல்ட்டைக் குறைக்கும் வசதி இருந்தால் நம்ம ஊருக்கு நல்லது.

வாங்கியதும் ஒரு சோதனை: 'ஃபுல்' விளக்கு எரிந்து ஒரு நாள் கழித்து மல்டிமீட்டர் வையுங்கள். இன்னமும் 14.4-லேயே நின்றால் அது மெயின்டெய்னர் இல்லை, திருப்பிக் கொடுத்துவிடுங்கள். அதனால் பில் முக்கியம்.

சொசைட்டி பிளக் தருமா?

இதுதான் மும்பையின் உண்மையான சிக்கல். கமிட்டியிடம் பேச ஒரு கணக்கு: மெயின்டெய்னர் சராசரியாக 5 வாட் எடுத்தால் மாதம் முழுக்க ஓடினாலும் 3.6 யூனிட்தான். யூனிட் 10 ரூபாய் என்று வைத்தாலும் 36 ரூபாய். எழுதிக் கொடுத்து அனுமதி வாங்குங்கள். மூன்றாவது மாடி ஜன்னலிலிருந்து வயர் தொங்கவிடும் வேலை வேண்டாம்.

மழைக்காலத்தில் இன்னும் கவனம். 2005 ஜூலை 26 அன்று சாந்தாகுரூஸில் 24 மணி நேரத்தில் 944 மில்லிமீட்டர் மழை கொட்டியது. அவ்வளவு இல்லாவிட்டாலும் கிங்ஸ் சர்க்கிளில் தண்ணீர் நிற்காத வருஷம் அபூர்வம். தண்ணீர் தேங்கும் பார்க்கிங்கில் மெயின்டெய்னரை மாட்டிவிட்டு ஊருக்குப் போகாதீர்கள். மற்ற இடத்திலும் 30 மில்லிஆம்பியர் கசிவு பாதுகாப்பு உள்ள லைன் அவசியம்.

மாட்டும் வரிசை: முதலில் சிவப்பு கிளிப் பாசிட்டிவ் முனையில், அடுத்து கறுப்பு கிளிப் பேட்டரியிலிருந்து தள்ளி, பெயின்ட் இல்லாத பாடி உலோகத்தில், கடைசியில் சுவிட்ச். கழற்றும்போது அப்படியே தலைகீழ். சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் வாயு வரலாம், அதனால் காற்றோட்டம் வேண்டும், பக்கத்தில் பீடி சிகரெட் கூடாது.

பிளக்கே இல்லையென்றால்?

தாராவி 90 அடி ரோட்டில் தெருவோரம் நிறுத்துபவருக்கு இந்த அறிவுரை எதுவும் உதவாது. அவருக்குச் செலவில்லாத வழி இருக்கிறது. இரண்டு வாரத்துக்கு மேல் ஊருக்குப் போனால் நெகட்டிவ் முனையைக் கழற்றிவிடுங்கள். பெரும்பாலும் 10 எம்.எம் ஸ்பேனர் போதும். மேலே சொன்ன 30, 50 மில்லிஆம்பியர் அப்படியே நின்றுவிடும். கடிகாரமும் ரேடியோவும் ரீசெட் ஆகும், ரிமோட் வேலை செய்யாது. ஆகவே சாதா சாவி கையில் இருக்கட்டும்.

ஊரில் இருக்கும்போது வாரம் ஒருமுறை 30-40 நிமிடம் ஈஸ்டர்ன் ஃப்ரீவேயில் ஒரு சுற்று ஓட்டினால் நல்லது. நிறுத்திய இடத்திலேயே பத்து நிமிடம் எஞ்சினை ஓடவிடுவது பெட்ரோலுக்குத்தான் கேடு, பேட்டரிக்கு அதிகம் ஏறாது.

அப்போ வாங்கலாமா?

பேட்டரி விலை 4,500 ரூபாய், நான்கு வருஷம் வர வேண்டியது இரண்டே வருஷத்தில் போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். நான்கு வருஷத்தில் ஒரு பேட்டரி கூடுதல், அதாவது 4,500 ரூபாய் நஷ்டம். மெயின்டெய்னர் இதில் பாதி விலைக்குக் கிடைத்து, பிளக்கும் இருந்தால் வாங்கலாம். பிளக் இல்லையென்றால் ஸ்பேனரே போதும். நாலு வருஷம் தாண்டிய பேட்டரிக்கு வாங்குவதென்றால் முதலில் கடையில் லோட் டெஸ்ட் செய்துவிடுங்கள்.

கடைசியாக ஒன்று. செத்த பேட்டரியைக் காயலான் கடையில் போடாதீர்கள். உள்ளே இருப்பது ஈயமும் கந்தக அமிலமும். வீட்டு வாசலில் உடைத்து உருக்கினால் பாதிப்பு முதலில் குழந்தைகளுக்குத்தான். 2022-ம் ஆண்டு பேட்டரி கழிவு மேலாண்மை விதிகள்படி பழைய பேட்டரி சேகரிக்கப்பட்டு மறுசுழற்சி ஆவதற்குத் தயாரிப்பாளர்கள் பொறுப்பு. புது பேட்டரி வாங்கும் கடையிலேயே பழையதைக் கொடுங்கள், விலையிலும் கழித்துக்கொள்வார்கள்.