மலையேறியது வண்டியா, அதன் உதிரிபாகமா?

கல்வராயன் மலைக்கு மோட்டார் சைக்கிள் வந்ததைப் பற்றிப் பேசினால் இரண்டு காரணங்கள் முன்னால் வந்து நிற்கும். சாலை போட்டார்கள், வண்டியின் விலை கைக்கு எட்டியது. இரண்டையும் மறுக்க முடியாது. ஆனால் வண்டி வாங்குவது ஒருநாள் காரியம், அதைப் பத்து வருடம் ஓட்டுவது வேறு காரியம். அந்தப் பத்து வருடம் கிளட்ச் கேபிள், பிரேக் ஷூ, செயின் லாக், கிக்கர், லிவர் போன்ற சின்னச் சாமான்களின் கையில் இருக்கிறது. எஞ்சின் பல ஆண்டுகளுக்கு ஒருமுறைதான் படுக்கும். கேபிள் எந்த வளைவில் வேண்டுமானாலும் அறுந்துவிடும். அதனால் இந்தப் பக்கம் இருசக்கர வண்டி பரவிய வரலாற்றை, அதன் சின்னச் சாமான்கள் கள்ளக்குறிச்சிக் கடைத்தெரு வரை வந்து சேர்ந்த வரலாறாகத்தான் படிக்க வேண்டும் என்பது என் வாதம். கம்பெனிகளின் வரலாறு இதற்குத் துணை வரலாறு மட்டுமே.

முதலில் இடத்தைப் பார்க்க வேண்டும். கள்ளக்குறிச்சி சமவெளி ஊர். சேலம் – உளுந்தூர்பேட்டை நெடுஞ்சாலையின் மேல் இருப்பது. அதற்கு மேற்கிலும் வடமேற்கிலும் கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதியாகக் கல்வராயன் எழும்புகிறது. மலையாளிப் பழங்குடியினர் சாமையும் மரவள்ளியும் விளைவித்து, கடுக்காய் சேகரித்து வாழும் மலை அது. 1976-ல் அரசு எடுத்துக்கொள்ளும் வரை ஜாகிர்தார்களின் பிடியில் இருந்ததால், சமவெளிக்குக் கிடைத்த பல வசதிகள் அங்கே ஒரு தலைமுறை தாமதமாகவே போய்ச் சேர்ந்தன. கச்சிராயபாளையத்தைத் தாண்டி வெள்ளிமலைக்கு ஏறும் பாதையில் மூட்டையோடு போகும் வண்டிக்கு என்ன நடக்கும் என்பதைக் கணக்கில் எடுக்க வேண்டும். கொண்டை ஊசி வளைவில் அரைக் கிளட்சிலேயே ஓட்டுவதால் கேபிளின் உள்கம்பி லிவர் முனையில் இழை இழையாகப் பிரியும். இறக்கத்தில் விடாமல் மிதிப்பதால் பிரேக் ஷூ தேயும். சமவெளியில் இந்தப் பழுதுகளுக்கு அரை மணி நேரம் போகும். மலையில் வண்டியைத் தள்ளிக்கொண்டு இறங்க வேண்டும், அல்லது பேருந்துக்குக் காத்திருந்து சாமான் வாங்கப் போக வேண்டும்; ஒருநாள் கூலி போய்விடும். இத்தகைய இடத்தில் எந்த வண்டி வேண்டும் என்ற கேள்வியே, எதன் சாமான் பக்கத்தில் கிடைக்கும் என்ற கேள்விதான்.

தமிழ்நாட்டில் தயாரான முதல் தலைமுறை வண்டி புல்லட். 1955-ல் இங்கிலாந்தின் ரெடிச் நிறுவனத்தின் கூட்டோடு சென்னையில் என்ஃபீல்டு இந்தியா தொடங்கியது. 1962 வாக்கில் பாகங்கள் எல்லாம் இங்கேயே செய்யப்பட்டன. இங்கிலாந்தின் வரைபடங்களோடு இங்கிலாந்தின் மரை அளவுகளும் வந்தன. ஜோசப் விட்வொர்த் 1841-ல் முன்வைத்த அளவு முறையும், இங்கிலாந்தின் சைக்கிள் மரையும் புல்லட்டின் போல்ட்டுகளில் பல காலம் தொடர்ந்தன. இந்தியாவோ 1956-லேயே மெட்ரிக் அளவுக்குச் சட்டம் போட்டுவிட்டது. கடைத்தெருவில் மெட்ரிக் போல்ட்டு பெருகப் பெருக, புல்லட்டுக்கு வேண்டிய போல்ட்டு தனிச் சரக்கானது. பொருந்தாததை அழுத்தித் திருகினால் மரை போய்விடும். பிறகு துளையைப் பெரிதாக்கி மறுபடி மரை வெட்ட வேண்டும், அல்லது புஷ் அடித்துச் சரிசெய்ய வேண்டும். இது லேத் பட்டறையின் வேலை. நெல் ஆலைகளும் பம்புசெட்டுகளும், மூங்கில்துறைப்பட்டிலும் கச்சிராயபாளையத்திலும் கூட்டுறவுச் சர்க்கரை ஆலைகளும் உள்ள வட்டாரத்தில் கடைசலுக்கும் வெல்டிங்குக்கும் தேவை எப்போதும் உண்டு. அந்தத் தொழில்திறன்தான் முதல் தலைமுறை வண்டிகளைத் தாங்கியிருக்க முடியும். கிக்கரும் பிரேக் பெடலும் ஃபுட்ரெஸ்டும் இரும்பு. விழுந்தால் வளையும், சூடேற்றி அடித்தால் நிமிரும், உடைந்தால் பற்றவைக்கலாம். அறுந்த கேபிளுக்குக்கூட ஈயம் உருக்கிப் புது நிப்பிள் வைத்தார்கள். பழுது பார்ப்பது என்றால் அந்தப் பாகத்தையே திரும்ப உருவாக்குவது என்றிருந்த காலம் அது.

இந்த நிலையை மாற்றியது தனி ஒரு வண்டி அல்ல. புதிய வண்டிகள் வருவதற்கு முன்பே சென்னையைச் சுற்றி ஒரு பாகத் தொழில் உருவாகிவிட்டிருந்தது. செம்பியத்தில் 1949-ல் இந்தியா பிஸ்டன்ஸ், 1960-ல் டிஐ டைமண்ட் செயின், 1966-ல் போல்ட்டு நட்டுக்காகவே சுந்தரம் ஃபாஸனர்ஸ் என்று வரிசையாகத் தொடங்கின. 1958-ல் திறந்த கிண்டி தொழிற்பேட்டை சிறு பட்டறைகளுக்கு இடம் கொடுத்தது. இறக்குமதிக்குக் கட்டுப்பாடு இருந்த காலத்தில், வெளிநாட்டுச் சாமானுக்குப் பதில் உள்ளூர்ச் சாமான் என்ற கொள்கையில் வளர்ந்தவை இவை. அவற்றின் பயன் பெருநகரத்தோடு நிற்கவில்லை. ஒரே அளவில், ஒரே மரையில் ஆயிரக்கணக்கில் செய்யப்பட்ட பாகம் எந்தச் சிற்றூர்க் கடையிலும் பெட்டியில் காத்திருக்க முடியும். ஆர்டர் கொடுத்துச் செய்ய வேண்டிய பாகம் அப்படிக் காத்திருக்க முடியாது.

1980-ல் ஒசூரிலிருந்து டிவிஎஸ் 50 வந்தபோது இந்த வாதத்துக்கு மிகத் தெளிவான சான்று கிடைத்தது. ஐம்பது சிசி வண்டி, மலையேறப் பலம் போதாது என்று தோன்றும். ஆனால் அதில் கிளட்ச் லிவர் இல்லை, கிளட்ச் கேபிள் இல்லை, கியர் மிதியும் இல்லை. கிளட்ச் தானே பிடிக்கும் வகை. மிதித்து ஸ்டார்ட் செய்யும் அமைப்பும் செயினும் சைக்கிள் கடைக்காரரின் கைக்குப் பழகியவை. உடையக்கூடிய பாகங்களை எண்ணிக்கையிலேயே குறைத்த வண்டி, மூட்டை சுமக்கும் நாட்டுப்புறத்துக்கு உரிய வண்டியானதில் வியப்பில்லை. அடுத்து, 1985-ல் யமஹா ஆர்எக்ஸ் 100-ம் ஹீரோ ஹோண்டா சிடி 100-ம், 1994-ல் ஸ்பிளெண்டரும் வந்தன. ஜப்பானிய வடிவமைப்பில் எல்லாம் மெட்ரிக் மரை. பத்து, பன்னிரண்டு, பதினான்கு எண் ஸ்பேனர் இருந்தால் பாதி வண்டியைக் கழற்றிவிடலாம். ஒரே மாடல் பல்லாண்டு பெரிய மாற்றமின்றி விற்றதால் அதன் கேபிளையும் ஷூவையும் கடைக்காரர் துணிந்து வாங்கி வைத்தார். மலையடிவாரத்து மெக்கானிக்கின் அலமாரியில் ஒரு மாடலுக்கு இடம் கிடைப்பதுதான் அந்த மாடலுக்கு அப்பகுதியில் கிடைக்கும் உண்மையான உரிமம்.

இங்கே ஒரு மறுப்பு எழும். அந்தக்கால மெக்கானிக் செய்துகொடுத்தார், இந்தக்காலத்தவர் மாற்ற மட்டும் செய்கிறார். திறமை செத்துவிட்டது என்று பலர் வருந்துகிறார்கள். வருத்தத்தில் மரியாதை இருக்கிறது, ஆனால் காரணம் தவறு. கிளட்ச் லிவர் வார்ப்பு அலுமினியத்துக்கு மாறியது. அது இரும்பைப் போல வளைந்து கொடுக்காது, முறிந்துவிடும். சாதாரண வெல்டிங் மெஷினில் சரியாக ஒட்டவும் செய்யாது. அதை ஒட்டவைக்க ஆகும் கூலிக்குப் புதியதே வாங்கலாம். பொருள் மாறியது, விலை மாறியது, அதனால் வேலை மாறியது. திறமையும் சாகவில்லை. ஒலியை வைத்துப் பழுதைக் கண்டுபிடிப்பதும், செயின் லாக் கிளிப்பின் திறந்த வாய் ஓடும் திசைக்கு எதிராக இருக்க வேண்டும் என்று பார்த்து மாட்டுவதும், எந்தப் பாகத்தில் மலிவுச் சரக்கை ஏற்கலாம், எதில் கூடாது என்று சொல்வதும் திறமைதான். இந்த மாற்றத்தால் மலைவாசிக்கு ஒரு நன்மையும் கிடைத்தது. மாற்றும் பாகத்தைப் பையில் போட்டு எடுத்துக்கொண்டு போகலாம்; லேத் பட்டறையைத் தூக்கிக்கொண்டு போக முடியாது.

இன்னொரு மறுப்பு சாலையைப் பற்றியது: தார்ச்சாலை இல்லாமல் உதிரிபாகம் மட்டும் இருந்து என்ன பயன்? சரிதான், சாலை இல்லாமல் எதுவும் இல்லை. ஆனால் சாலை பேருந்துக்கும் லாரிக்கும் ஜீப்புக்கும் பொது. அதே சாலையில் எந்த இருசக்கர வண்டி நீடிக்கும், எது துருப்பிடித்துக் கொட்டகையில் கிடக்கும் என்ற வேறுபாட்டைச் சாலையால் விளக்க முடியாது. மூன்றாவது மறுப்பு கனமானது. மலிவான டூப்ளிகேட் பாகங்களால் உயிர் போகும் என்பது உண்மை; மலை இறக்கத்தில் போலி பிரேக் ஷூவை நான் ஆதரிக்க மாட்டேன். ஆனால் போலி எங்கே தழைக்கிறது என்று பார்க்க வேண்டும். நல்ல பாகம் எட்டாத தூரத்திலோ எட்டாத விலையிலோ இருக்கும் இடத்தில்தான் அது தழைக்கிறது. பிரேக்கிலும் அச்சிலும் தரத்தை விட்டுக்கொடுக்கக் கூடாது. இண்டிகேட்டர் கண்ணாடிக்கும் ஃபுட்ரெஸ்ட் ரப்பருக்கும் அதே கண்டிப்பு தேவையில்லை. இந்த வேறுபாட்டை மறைத்து கம்பெனி முத்திரை இல்லாத எல்லாப் பாகங்களையும் ஆபத்து என்று சொல்வது, வாடிக்கையாளரைப் பாதுகாப்பதைவிட விற்பனையைப் பாதுகாப்பதற்கே உதவும்.

இந்த வரலாறு இன்று ஒரு திருப்பத்தில் நிற்கிறது. 2020 ஏப்ரல் முதல் பிஎஸ்-6 விதி வந்தது. பெரும்பாலான வண்டிகளில் கார்புரேட்டர் போய் இன்ஜெக்‌ஷன் வந்துவிட்டது, எக்ஸ்எல் 100 மொபெட்டிலும்கூட. புகை குறைந்தது, அது மலைக்கும் நல்லதே. ஆனால் ஜெட் அடைத்தால் கழற்றி ஊதிச் சுத்தம் செய்தவர், இப்போது சென்சார் தவறினால் அதைப் படிக்கும் கருவி இல்லாமல் கைகட்டி நிற்க வேண்டியிருக்கிறது. முன்பு மரை அளவு செய்த பிரிவினையை இப்போது தகவல் செய்கிறது: யாரிடம் கருவியும் வரைபடமும் இருக்கிறதோ அவர் மட்டுமே பழுது பார்க்க முடியும். மத்திய நுகர்வோர் துறை 2022 ஜூலையில் பழுதுபார்க்கும் உரிமைக்காகக் குழு அமைத்தபோது வாகனத் துறையையும் அதில் சேர்த்தது சரியான தொடக்கம். அது அறிவிப்போடு நின்றுவிடக் கூடாது. பாகங்களின் பட்டியல், வயரிங் வரைபடம், பிழைக் குறியீடுகளைப் படிக்கும் கருவி ஆகியவை நியாயமான விலையில் எந்த மெக்கானிக்குக்கும் கிடைக்கச் சட்டம் வேண்டும். 2019-ல் தனி மாவட்டமான கள்ளக்குறிச்சியில், மலைக்கு எத்தனை கிலோமீட்டர் சாலை போட்டோம் என்று கணக்கிடுவதைப் போலவே, அந்தச் சாலையில் நின்றுபோன வண்டி எத்தனை மணி நேரத்தில் மறுபடி ஓடும் என்பதையும் கணக்கிட வேண்டும். மலைவாசிக்குப் போக்குவரத்து என்பது இவ்விரண்டும் சேர்ந்ததுதான்.