ஷாங்க்ஸ்வில்: காப்பாத்தப் போன இடத்தில் யாருமே இல்லை

செப்டம்பர் 11, 2001ன்னு சொன்னா நமக்கெல்லாம் உடனே ஞாபகம் வர்றது நியூயார்க்கின் இரட்டைக் கோபுரம்தான். மாடிப்படி ஏறிப் போய்த் திரும்பி வராத 343 தீயணைப்பு வீரர்களைப் பற்றி நிறைய எழுதியாச்சு, படமும் எடுத்தாச்சு. அன்னிக்கு நாலாவதா ஒரு விமானம் ஒரு வயல்வெளியில் விழுந்துச்சே, அங்கே முதலில் போய் நின்னது யாரு? இந்தப் பதிவு அவங்களைப் பத்தி.

ஊர் பேரு ஷாங்க்ஸ்வில். பென்சில்வேனியா மாநிலம், சாமர்செட் மாவட்டம். பிட்ஸ்பர்க்கிலிருந்து தென்கிழக்கே நூறு கிலோமீட்டர் சொச்சம். 2000ம் வருஷக் கணக்கெடுப்பில் மக்கள்தொகை 245. நம்ம பக்கத்துக் கல்யாணத்தில் முதல் பந்திக்கு உட்கார்ற கூட்டமே இதைவிட அதிகம் இருக்கும் :-) ஆனா அந்த ஊருக்குன்னு சொந்தமா ஒரு தீயணைப்புப் படை உண்டு. சம்பளம் கிடையாது. எல்லாருமே தன்னார்வலர்கள்.

நமக்கு தீயணைப்பு வீரர்னா அரசாங்க உத்தியோகம். அமெரிக்காவில் பெரிய நகரங்களில்தான் அப்படி. மொத்த நாட்டையும் எடுத்துக்கிட்டா பெரும்பான்மை தன்னார்வலர்கள்தான். இந்தப் பழக்கத்துக்கு பென்சில்வேனியாவில் வேர் ரொம்ப ஆழம். பெஞ்சமின் ஃபிராங்க்ளின் 1736ல் ஃபிலடெல்ஃபியாவில் ஆரம்பிச்ச யூனியன் ஃபயர் கம்பெனி இந்த வகைதான். கடைக்காரர், மெக்கானிக், பண்ணை வெச்சிருக்கறவர், இவங்கதான் படை. பேஜர் அலறினா கைவேலையை அப்படியே போட்டுட்டு ஓடணும். வண்டிக்கு டீசல், ஹோஸ் பைப், கோட்டு எல்லாத்துக்கும் காசு? பிங்கோ ஆட்டம், கோழி வறுவல் விருந்து, பரிசுச்சீட்டுன்னு நடத்தி அவங்களே திரட்டிக்கணும். நான் இதை முதலில் படிச்சப்போ நம்பவே இல்லை. உலகப் பணக்கார தேசத்தில் தீயணைக்க கோழி வித்துக் காசு சேர்க்கறாங்க!

சரி, அந்தக் காலைக்கு வருவோம். யுனைடெட் 93 நெவார்க்கிலிருந்து சான் ஃபிரான்சிஸ்கோ போக வேண்டிய விமானம். நெரிசலால் தாமதமாகி 8:42க்குத்தான் கிளம்பிச்சு. 9:28க்குக் கடத்தப்பட்டது. அந்தத் தாமதம்தான் எல்லாத்தையும் மாத்திச்சு. பயணிகளும் பணியாளர்களும் போனில் வீட்டுக்குப் பேசினபோது, நியூயார்க்கில் என்ன நடந்துச்சுன்னு தெரிஞ்சுக்கிட்டாங்க. 9:57க்கு விமானி அறையை நோக்கிப் பாய்ஞ்சாங்க. 10:03க்கு விமானம் தலைகீழாக, மணிக்கு சுமார் 900 கிலோமீட்டர் வேகத்தில் தரையில் குத்தியது. வாஷிங்டன் இன்னும் இருபது நிமிஷ தூரம்தான்.

ஷாங்க்ஸ்வில் படையின் துணைத்தலைவர் ஊரில் மளிகைக்கடை வெச்சிருந்தவர். வீட்டு வாசலில் நின்னு சகோதரியோட போனில் பேசிட்டிருந்தார். தலைக்கு மேல ஏதோ கிறீச்சிடுற சத்தம். அப்புறம் தரையே குலுங்குது. கிட்டத்தட்ட 500 பிள்ளைங்க படிக்கிற ஊர்ப் பள்ளிக்கூடமும் அதிர்ந்தது. இன்னும் சில விநாடி பறந்திருந்தா அந்தப் பள்ளிக்கூடம் என்ன ஆகியிருக்கும்னு அந்த ஊர்க்காரங்க இன்னிக்கும் கேட்டுக்கறாங்க. படையின் தலைவர் வேற ஊரில் வேலையில் இருந்தார். முதல் வண்டியில் ஏறினது நாலே பேர்.

அவங்க பின்னாளில் கொடுத்த பேட்டிகளில் ஒரு விஷயம் திரும்பத் திரும்ப வருது. போற வழியெல்லாம் மனசுக்குள்ள தயார் பண்ணிக்கிட்டே போனாங்களாம். பெரிய போயிங் விமானம், நூறு பேராவது இருப்பாங்க, அடிபட்டவங்க இருப்பாங்க, இழுத்து வெளியே போடணும், ஆம்புலன்ஸ் எத்தனை வேணும்னு. போய்ப் பார்த்தா...

விமானமே இல்லை. பழைய நிலக்கரிச் சுரங்கத்தைத் தோண்டி முடிச்சு மண்ணைப் போட்டு மூடின இடம் அது. இறுகாத மண். விமானம் அப்படியே உள்ளே புதைஞ்சு போச்சு. ஏறக்குறைய 15 அடி ஆழத்தில் புகையுற பள்ளம். பக்கத்தில் ஹெம்லாக் மரங்கள் கருகி எரியுது. எங்கே பார்த்தாலும் துண்டு துண்டா உலோகம், மரக்கிளையில் காகிதம், மூக்கைத் துளைக்கிற எரிபொருள் வாடை. மத்தபடி நிசப்தம். ஒரு முனகல் சத்தம்கூட இல்லை. யாராவது உயிரோட தூக்கி எறியப்பட்டிருப்பாங்களோன்னு காட்டுக்குள்ள கூப்பிட்டுக்கிட்டே தேடியிருக்காங்க. பக்கத்து ஊர்களான ஸ்டாய்ஸ்டவுன், லிஸ்டி, ஃப்ரீடன்ஸ் படைகளும் வந்து சேர்ந்தாங்க. மரத்தில் பிடிச்ச தீயை அணைச்சாங்க. அவ்வளவுதான் செய்ய முடிஞ்சது.

என்னைக் கேட்டா இந்தக் கதையின் கனமே இங்கேதான் இருக்கு. நியூயார்க்கில் போனவங்க உயிரைக் கொடுத்தாங்க, ஆயிரக்கணக்கானவங்க வெளியே வர உதவினாங்க. இவங்களுக்கு அந்த ஆறுதல்கூட இல்லை. ஓடிப்போனாங்க, ஒருத்தரையும் தொட்டுத் தூக்க வாய்ப்பே கிடைக்கலை. அதுக்கப்புறம் நாடே இவங்களை ஹீரோன்னு கூப்பிட ஆரம்பிச்சது. உண்மையான ஹீரோக்கள் விமானத்துக்குள்ள இருந்த 40 பேர், நாங்க இல்லைன்னுதான் இவங்க பேட்டிகளில் பதில் சொல்றாங்க. கேக்கறவங்களுக்குத் தன்னடக்கமா தெரியும். எனக்கு அப்படிப் படலை.

மாவட்டத்தின் கொரோனர், அதாவது மரணங்களுக்குச் சான்று தர்ற அதிகாரி, வாலி மில்லர். ஈமச்சடங்கு நிலையம் நடத்துற குடும்பத்துக்காரர். வந்து இருபது நிமிஷத்தில் தன் கொரோனர் வேலை முடிஞ்சுபோச்சு, மீதியெல்லாம் ஒரு பெரிய இறுதிச்சடங்கு மாதிரி ஆகிடுச்சுன்னு பின்னாடி சொல்லியிருக்கார். கிடைச்ச உடல் பாகங்கள் மொத்தத்தில் சுமார் 8 சதவீதம்தான். ஆனா 40 பேரையும் அடையாளம் கண்டாங்க.

சில மணி நேரத்தில் எஃப்.பி.ஐ. வந்து இடத்தை எடுத்துக்கிட்டது. இரண்டு கறுப்புப் பெட்டிகளும் கிடைச்சது, ஒண்ணு 25 அடி ஆழத்தில். ஊர்ப்படை? காவலுக்கு நின்னாங்க, மறுபடி புகையுற மரத்துக்குத் தண்ணி அடிச்சாங்க, வந்தவங்களுக்கு சாப்பாடு ஏற்பாடு பண்ணினாங்க. 24ம் தேதி எஃப்.பி.ஐ. கிளம்பினதும் மில்லர் தன்னார்வலர்களைக் கூட்டி இன்னொரு முறை காட்டைச் சல்லடையா சலிச்சார். அப்பவும் கிடைச்சுது. தன் ஊர்க் காட்டில் குனிஞ்சு அந்த வேலையைச் செஞ்சுட்டு, மறுநாள் கடையைத் திறந்து பால் பாக்கெட் விக்கறதுன்னா எப்படி இருக்கும்?

இந்த நினைவெல்லாம் நமக்குக் கிடைக்கக் காரணம் அங்கே நடந்த வாய்மொழி வரலாற்றுத் திட்டம். இறந்தவங்க குடும்பம், தீயணைப்புப் படை, போலீஸ், ஊர்க்காரங்கன்னு நூற்றுக்கணக்கானவங்களைப் பேச வெச்சுப் பதிவு செஞ்சிருக்காங்க. அதில் முக்கியப் பங்கு படைத்தலைவரின் மனைவிக்கு. வெளியூர் நிருபர்கிட்ட சொல்லாததை அடுத்த வீட்டு அம்மாகிட்ட சொல்லுவாங்க இல்லையா? நினைவகத்தின் முதல் பகுதி 2011ல்தான் திறந்தது. அதுவரைக்கும் ஒரு கம்பி வேலிதான் நினைவுச்சின்னம். வர்றவங்களுக்கு, பனியானாலும் வெயிலானாலும், நின்னு கதை சொன்னது ஊர்த் தன்னார்வலர்கள். 2008ல் நியூயார்க் தீயணைப்பு வீரர்கள் இடிஞ்ச கோபுரத்தின் இரும்பு உத்தரம் ஒண்ணைக் கொண்டுவந்து ஷாங்க்ஸ்வில் படைக்குக் கொடுத்தாங்க. இப்போ நிலையத்து வாசலில், பென்டகன் வடிவப் பீடத்து மேல நிக்குது.

இன்னொண்ணும் சொல்லணும். அதே சாமர்செட் மாவட்டத்தில், பத்தே மாசம் கழிச்சு, 2002 ஜூலையில், க்வீக்ரீக் சுரங்கத்தில் 9 தொழிலாளர்கள் வெள்ளத்தில் மாட்டிக்கிட்டாங்க. 240 அடி ஆழம். குடும்பங்கள் காத்திருந்தது சைப்ஸ்வில் தன்னார்வத் தீயணைப்பு நிலையத்து ஹாலில். 77 மணி நேரம் கழிச்சு ஒன்பது பேரும் உயிரோட மேலே வந்தாங்க.

பென்சில்வேனியாவில் 1970களில் 3 லட்சம் தன்னார்வத் தீயணைப்பாளர்கள் இருந்தாங்க. மாநில ஆணையம் 2018ல் கொடுத்த அறிக்கைப்படி 38,000. வேலைக்கு ரொம்ப தூரம் போக வேண்டியிருக்கு, பயிற்சி மணிநேரம் கூடிப்போச்சு, பிங்கோ நடத்தவே ஆள் இல்லை. ஷாங்க்ஸ்வில்லின் மக்கள்தொகை 2020ல் இருநூறைத் தொடலை. அன்னிக்கு முப்பது வயசில் வண்டி ஏறினவருக்கு இப்போ ஐம்பது தாண்டியிருக்கும்.