எலும்பு ஏற்ற உலோகம்

லேக் கார்டன்ஸ் பகுதிக்கு அணித்தே ஜாதவ்பூரில் மத்தியக் கண்ணாடி-பீங்கான் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது, 1950-இல் திறக்கப்பெற்றது. பீங்கானுக்கும் மனித எலும்புக்கும் என்ன தொடர்பு என்று நேயர்கள் வினவலாம். முறிந்த எலும்பில் முடுக்கும் திருகாணியின்மேல் படர்ந்திருக்கும் டைட்டேனியம் ஆக்ஸைடும் ஒருவகைப் பீங்கானே. அதன் வரலாற்றின் ஒரு நுனி நம் குமரிக் கடற்கரையில் கிடக்கிறது.

இங்கிலாந்தின் கார்ன்வாலில் கிரெகர் என்ற பாதிரியார் 1791-இல் கருமணலை ஆராய்ந்து, அதுவரை அறியப்படாத ஒரு தனிமம் அதில் இருப்பதைக் கண்டார். 1795-இல் ஜெர்மானியராகிய கிளாப்ரோத் அதற்கு டைட்டேனியம் என்று பெயர் சூட்டினார். 1909-இல் ஷோம்பர்க் என்ற ஜெர்மானிய ரசாயன அறிஞர், கப்பலேறிவந்த தென்னங்கயிற்றில் ஒட்டியிருந்த மணலைச் சோதித்து மோனசைட்டைக் கண்டறிந்தார். மணவாளக்குறிச்சி மணல் அது. அந்நாளில் குமரிப் பகுதி திருவிதாங்கூரைச் சேர்ந்திருந்தது. எரிவாயு விளக்குகளின் வலைக்கு வேண்டிய தோரியத்துக்காக மோனசைட்டைப் பிரித்தனர். உடன்கிடந்த இல்மனைட் என்னும் கருமணலை மதிப்பாரில்லை. வெள்ளை வர்ணத்திற்கு டைட்டேனியம் ஆக்ஸைடு உகந்தது எனத் தெரிந்தபின்னரே அதற்கு விலை வந்தது.

உலோகமாகப் பிரிப்பதோ எளிதன்று. மக்னீசியத்தைக்கொண்டு பிரிக்கும் முறைக்கு லக்ஸம்பர்க் நாட்டுக் கிரோல் 1940-இல் உரிமம் பெற்றார். பன்னிரண்டு ஆண்டுகளுக்குப் பின், ஸ்வீடனில் பிரோனமார்க் என்ற மருத்துவர் முயலின் எலும்பில் ஒரு டைட்டேனியக் குழலைப் பொருத்தி இரத்த ஓட்டத்தைக் கவனித்தார். ஆராய்ச்சி முடிந்து குழலைக் கழற்ற முயன்றால், அது வரவில்லை! எலும்பு அதனைத் தன் அங்கமாகவே பற்றிக்கொண்டது. 1965-இல் மனிதர் ஒருவரின் தாடையில் இவ்வுலோகத்தாலான பல்வேர்கள் பொருத்தப்பெற்றன.

உண்மையில் எலும்பு தொடுவது உலோகத்தையன்று. டைட்டேனியம் காற்றுப்பட்ட கணமே பிராணவாயுவோடு கூடி ஆக்ஸைடுப் படலமொன்றைப் போர்த்திக்கொள்கிறது. ஒரு மில்லிமீட்டரைப் பத்து இலட்சம் கூறாக்கினால் அவற்றுள் சில கூறுகளே அதன் கனம். கீறினாலும் மீண்டும் மூடிக்கொள்ளும். இரும்பின் துரு உதிர்ந்து இரும்பையே தின்னும். இதுவோ உலோகத்தைக் காக்கும் கவசம். உடலின் உப்புநீரிலுள்ள சுண்ணமும் பாஸ்பேட்டும் இதன்மேல் படிகின்றன. எலும்பணுக்கள் வந்து பற்றுகின்றன.

ஆயினும் இயற்கைப் படலம் மிக மெல்லியது. பிடிப்புத் தளர்ந்தால் முதியவர் மறுபடியும் ரண சிகிச்சைக்கு உட்பட வேண்டும். அதனாலேயே படலத்தைத் தடிப்பாக்க முற்பட்டனர். மின்சாரம் பாய்ச்சித் தடிப்பாக்குவது ஒரு முறை. அப்போது திருகாணி பொன்னிறமும் நீலமும் காட்டும். சாயம் ஏதுமில்லை, தண்ணீரில் மிதக்கும் எண்ணெய் நிறங்காட்டுவது போன்ற ஒளியின் விளையாட்டே. டைட்டேனியச் சேர்மக் கரைசலில் தோய்த்தெடுத்து, உலர்த்தி, 400 முதல் 500 பாகை வெப்பத்தில் சுடுவது மற்றொரு முறை. பூச்சு மிகுந்தால், தடித்த சுண்ணாம்பு சுவரிலிருந்து பொரிந்து உதிர்வதுபோல் வெடித்துப் பெயரும். எவ்வளவு கனம் என்பதே இத்துறையின் பெருஞ்சிக்கல். கரைசலைக் கூழாக்கிப் பூசும் இவ்வகைக் கலையிலும், எலும்புக்கு மாற்றான பீங்கான்களிலும் ஜாதவ்பூர் நிலையத்தார் உழைத்திருக்கின்றனர்.

மணல் நம்முடையதாயினும், டைட்டேனியத்தைப் பஞ்சுபோன்ற உலோகமாக்கும் ஆலை இந்நாட்டில் 2011-இல்தான், கேரளத்துச் சவறாவில் இயங்கத் தொடங்கியது. அவ்வுலோகம் முதலில் வேண்டப்பட்டதும் மருத்துவமனைகளுக்கன்று, விண்கலங்களுக்கே.